நாலு இலை வாங்கிய சாயத் தொழிற்சாலை

இந்த நாட்டில் பணத்துக்கும் மார்க் போடுகிறார்கள். பாரிசுக்கு வெளியே நான் குடியிருக்கும் ஊரின் வங்கியில் கமில் என்று ஒரு பெண் இருக்கிறாள், என் பேத்தி வயது. கடை லாபத்தை எதில் போடலாம் என்று போய் உட்கார்ந்தவனிடம், "முசியே, பொறுப்பான முதலீட்டில் போடுகிறீர்களா?" என்று கேட்டாள். "இதுவரை போட்டதுக்கெல்லாம் நான்தானம்மா பொறுப்பு, வேறு யார் வந்தார்கள்?" என்றேன். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். ஒரு கம்பெனி தண்ணீரைக் கெடுக்கிறதா, ஆட்களை எப்படி நடத்துகிறது, நிர்வாகத்தில் யோக்கியமா என்றெல்லாம் அளப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். அளந்து பச்சை இலை போடுவார்கள். இலை வாங்கிய கம்பெனிகளுக்கு மட்டும் நம் பணம் போகும். அவள் புரட்டிய வழவழப்பான புத்தகத்தில் ஒரு சாயத் தொழிற்சாலைப் படம், நாலு இலை, கீழே புதுச்சேரி என்று என் ஊர்ப் பெயர். அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்து, போடு என்றேன். வீட்டுக்கு வந்ததும் தங்கை அஞ்சலைக்குப் போன் செய்தேன். அவள் வீட்டுக்குப் பின்தெருவில்தான் அந்தத் தொழிற்சாலை. "நாலு இலையா? ஏண்ணா, எங்கூட்டு போர் தண்ணில மாவாட்டுனா இட்லி மஞ்சளா வருது. அதுக்கு எத்தினி இல போடுவாங்க?" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தாண்டியவர்கள் பலர் இன்று என் மூன்று கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் அப்பா ஆலைத் தொழிலாளி. ஆலைக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலைப் பார்த்தே உள்ளே என்ன சாயம் போடுகிறார்கள் என்று தெருப் பிள்ளைகள் சொல்லிவிடுவோம். நீலமாக ஓடினால் நீலத்துணி. வாய்க்கால் பொய் சொல்லாது. பிரான்சுக்கு வந்து நான் முதலில் நின்றது ஓட்டல் சமையலறையில், தட்டு கழுவ. அங்கே முதலாளி கழுவிய தட்டில் விரலை இழுத்துப் பார்ப்பான். கீச்சென்று சத்தம் வந்தால் சரி, வராவிட்டால் தட்டு சுவரில் மோதி உடையும். மோசமான மனுஷன், ஆனால் தட்டைக் கழுவியவனிடம் போய் 'தட்டு சுத்தமா?' என்று கேட்டு மார்க் போடமாட்டான். இந்த இலைக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். தொழிற்சாலை கொடுக்கும் சோதனை அறிக்கையைத் தொழிற்சாலையிடமே வாங்கிப் படித்துக்கொள்கிறார்கள்.

விட்டேனா? கமிலை எழுதச் சொல்லி, பணம் போட்டவன் என்ற முறையில் புகார் அனுப்பினேன். வேறு யாராவது எழுதியிருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். அடுத்த முறை அளக்க வரும்போது அக்கம்பக்கத்து மக்களையும் பேட்டி எடுப்பதாகவும், என் தங்கை வீட்டுக்கு முதலில் போவதாகவும் பதில் வந்தது. நான் விமானம் ஏறிவிட்டேன். அஞ்சலையின் பிழைப்பே வீட்டோடு நடத்தும் இட்லிக் கடைதான். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அவளிடம்தான் சாப்பிடுவார்கள். இட்லி நிறம் மாறியதும் அவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். கேன் தண்ணீர் வாங்கி மாவாட்டிக் கட்டுப்படியாகவில்லை. தொழிற்சாலை கழிவுநீரைச் சுத்தம் செய்தால்தான் கடை, இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். "உள்ளத உள்ளபடி சொல்லு, போதும்" என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தெருவில் ஒரு கிழவன், "முசே வந்துட்டாரு, இனிமே போர்ல பன்னீரு வரும்" என்று என்னைக் கிண்டல் செய்தான். பொறு பார் என்றேன்.

அளப்பதற்கு இலைக்காரர்கள் அனுப்பிய தொமா என்ற பிரெஞ்சுப் பையனும், மொழிபெயர்க்கச் சென்னைப் பெண் ஒருத்தியும் வந்தார்கள். நான் பணம் போட்டவன் என்பதால் பேட்டியில் இருக்கக்கூடாதாம். வாசலில் நின்றேன். போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து நீட்டினேன். சம்பந்தப்பட்டவர் தரும் தண்ணீரை வாங்கவும் விதியில்லை என்றான் தொமா, மிகப் பணிவாக. ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. அஞ்சலை அன்று விடியும் முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். வெயிலில் வந்தவர்களைப் பாயில் உட்காரவைத்து, புது எவர்சில்வர் டம்ளரில் கேன் தண்ணீர் கொடுத்தாள். பின்னாலேயே வெள்ளை வெளேரென்று இட்லி. பையன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டதை அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: "இங்க தண்ணி எப்படிம்மா இருக்கு?" "நல்லா இருக்கும்மா, குடிங்க. இன்னும் ஒரு டம்ளர் குடுக்கட்டா?" "தொழிற்சாலையால கஷ்டம் ஏதாச்சும்?" "கஷ்டம் இன்னாம்மா, அது யாருக்குத்தான் இல்ல? மொதல்ல சாப்பிடுங்க, ஆறிடப் போவுது." நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அது கேன் தண்ணிடா! உனக்காக வாங்கினது!" என்று பிரெஞ்சில் கத்தினேன். தொமா எழுந்து வந்து, "முசியே, குடியிருப்பவரின் சொல்தான் எங்களுக்கு முக்கியம்" என்று ஜன்னலைச் சாத்தினான்.

அவர்கள் போனதும் நான் கையை ஓங்கிவிட்டேன். அவள் அசையவில்லை. "இன்னாண்ணா நீ? வெயில்ல வந்த புள்ளைங்களுக்கு, வயித்த வலிக்கும்னு தெரிஞ்சே அந்தத் தண்ணியவா குடுப்பேன்? துன்னுக்கினு இருக்கற எலைக்கு எதுர்ல ஒப்பாரியா வெப்பாங்க? கைய கழுவிட்டு வரட்டும், சொல்லலாம்னு இருந்தேன். எழுந்து போய்ட்டாங்க." அவளை என்ன சொல்ல? இங்கே பிரான்சில் என் கீழ்வீட்டு மதாம், யாராவது ஆய்வுக்கு வந்தால் ஈரம் ஊறிய சுவரைத்தான் முதலில் காட்டுவாள்; ஒரு காப்பி தரமாட்டாள். அவள் சுவர் ஒரே மாதத்தில் சரியாகிவிடும். இந்த இலைத் தராசும் அப்படி மரியாதை தெரியாதவர்களுக்காகச் செய்தது. அதில் நம் சனத்தை ஏற்றினால் நம்முடைய மரியாதையே நம் கழுத்தை அறுக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இப்படிப் பணம் போடும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிக்கை வந்தது. அக்கம்பக்கத்தார் குடிநீரில் குறை சொல்லவில்லை, தொழிற்சாலையோடு நல்லுறவு. ஐந்தாவது இலை. கமில் கைகுலுக்கினாள். பணத்தை எடுத்துவிடட்டுமா என்று யோசித்தேன். எடுத்தால் புகார் எழுதும் தகுதியும் போய்விடும், அதனால் விட்டுவைத்திருக்கிறேன். நான் எழுதுகிறேன், அவர்கள் நன்றி என்று பதில் போடுகிறார்கள். அஞ்சலை கடையை மூடினாள். நான் அனுப்பும் காசு வேண்டாம் என்று வீம்பு. அந்தத் தொழிற்சாலைக் கேன்டீனிலேயே பாத்திரம் கழுவ வேலை கிடைத்தது. உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை கொடுத்தால் அதற்கும் மார்க் உண்டாம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அவளைப் பார்க்க அங்கே போனேன். காவலாளி மறித்தான். "பெருசு, யார பாக்கணும்? உள்ள வுட மாட்டாங்க, ஓரமா நில்லு." இந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்லாவது என் பணம் என்று சொல்ல வாய் வந்தது, பாத்திரம் கழுவுபவள் என் தங்கை என்று சொல்லவும் வாய் வந்தது. எதைச் சொன்னாலும் இன்னொன்றை அவன் நம்பமாட்டான். சாப்பாட்டு இடைவேளையில் அஞ்சலை கம்பிக் கதவருகே வந்து, கேன்டீன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து இடுக்கு வழியாக நீட்டினாள். "குடிண்ணா, உள்ள மிஷின் போட்டு சுத்தம் பண்றாங்க. தேனாட்டம் இருக்கும்." கதவுக்கு அந்தப் பக்கம் என் பணமும் என் ரத்தமும், இந்தப் பக்கம், வெயிலில், ஓரமாக நான். குடித்தேன். தேனாகத்தான் இருந்தது.