நான் நிறுத்திவைத்த அப்டேட்

என் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கி, எல்லோருக்கும் இலவசமாகத் தரும் இயங்குதளம். போன பூஜோ, அதாவது வங்காளிகளின் துர்கா பூஜை, சமயத்தில் அதற்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. போட்டதும் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. ஆத்திரத்தில் அவர்களுடைய புகார்ப் பக்கத்தில், "சோதித்துப் பார்க்காமல் குப்பையை அனுப்புவீர்களா?" என்று எழுதினேன்.

முகம் தெரியாத தன்னார்வலர் ஒருவர் பதில் போட்டார்: "மன்னியுங்கள். காரணம் தெரியும்வரை அப்டேட்டை எல்லோருக்கும் நிறுத்திவைக்கிறேன். ஸ்பீக்கருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க முடியுமா?"

"என்னை என்ன முட்டாள்னு நினைச்சுட்டானா?" என்று கத்தினேன்.

மகள் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். "அப்பா, நம்ம தெரு கிளப் பசங்க பூஜோ லைட் மாட்ட வந்தப்ப, ஸ்பீக்கர் பிளக்கை நீங்கதானே பிடுங்கி அவங்களுக்கு இடம் கொடுத்தீங்க?"

எங்கள் பாலிகஞ்ச் வீட்டு ஜன்னலில் அந்த விளக்குகள் ஜோராக மினுக்கிக்கொண்டிருந்தன.

யாருக்கும் தெரியாமல் புகாரை அழித்துவிடத்தான் முதலில் கை போனது. ஆனால் என்னால் எத்தனையோ பேருக்கு அந்தப் பாதுகாப்பு போய்ச் சேராமல் நின்றிருந்தது. கூசிக்கொண்டே உண்மையை எழுதினேன்.

"சொன்னதற்கு நன்றி. இப்போது பாட்டு கேட்கிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.