துடைத்ததும் நகர்ந்த முள்

பிள்ளைப்பாக்கம் பக்கம், வண்டி ஹாரனுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் சின்ன கம்பெனி. அங்கே மீட்டர் பார்ப்பது என் வேலை. நான் பத்தாவது தாண்டவில்லை. மீட்டரைக் கழற்றி மாட்டத் தெரியும். சரியாகக் காட்டினால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன்.

டெஸ்டிங் லைனில் இருந்தது முள் மீட்டர். காயிலின் இரண்டு முனையிலும் ஒயரை வைத்தால் முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிஜெக்ட் பெட்டி. தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்த வேலையைப் பார்த்தாள். காண்ட்ராக்ட் ஆள். சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேரோடு ஒரே ரூம்.

அவள் ரிஜெக்ட் போட்ட காயில்களை ஆபீஸ் மீட்டரில் வைத்தால் நன்றாக இருந்தன. தினமும் இப்படி. சூப்பர்வைசர் அவள் மீட்டரை என்னிடம் கொண்டுவந்தார்.

பேட்டரி மாற்றினேன். ஒயர் மாற்றினேன். முனை இரண்டையும் சேர்த்து முள்ளை ஜீரோவில் நிறுத்தினேன். அளவு தெரிந்த ரெசிஸ்டர்களை வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அடுத்த வாரம் அதே மீட்டர் வந்தது. அதே வேலை, அதே ஸ்டிக்கர்.

"மீட்டரு ஓகேன்னா ஆளு ஃபெயிலு. இன்னாபா நான் சொல்றது?" என்றார் சூப்பர்வைசர். "சனிக்கெழம லிஸ்ட்ல போட்டு வூட்டுக்கு அனுப்பிடறேன்."

என் கையெழுத்தை வைத்துத்தான் அவர் பேசினார்.

மறுநாள் கேண்டீனில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சோற்றைத் தொடவில்லை.

"அண்ணே, ஊருக்குப் போனா திரும்ப விட மாட்டாவ. மாப்பிள பாத்து வச்சிருக்காவ. நான் முள்ள சரியாத்தான் பாக்கேன்."

"சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டதும் அவள் பின்னாலேயே லைனுக்குப் போய் நின்றேன். அங்கே ஏசி. அரை மணி நேரம் ஒரு தப்பும் தெரியவில்லை. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார்.

"பாத்துப் போடும்மா. கண்ணு தெரிதா, இல்லியா?"

அவர் போனதும் அவள் துப்பட்டா நுனியை எடுத்து மீட்டர் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். ஒயரில் காயிலே இல்லை. முள் தானாக நகர்ந்து பாதி வழியில் நின்றது.

"எத்தன வாட்டி தொடைப்ப?"

"ஒவ்வொரு ட்ரேக்கும் தொடைப்பேன். அவரு ஏச ஏச இன்னும் நல்லா தொடைப்பேன். பெறவு தெளிவா தெரியணும்லா?"

பாலியெஸ்டர் துணி. ஏசியில் காய்ந்த காற்று. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பிளாஸ்டிக். தேய்த்தால் அதில் கரண்ட் ஏறும், முள்ளை இழுக்கும். நான் குனிந்து அதன் மேல் மூச்சு விட்டேன். ஈரம் பட்டதும் முள் மெதுவாகத் தன் இடத்துக்குப் போனது.

"மந்திரிக்கியளாண்ணே?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஏசியை விட்டு வெளியே வந்து என் மேசைக்குப் போவதற்குள் அந்தக் கரண்ட் இறங்கிவிடும். அதனால் இரண்டு முறையும் எனக்குத் தெரியவில்லை. முதல் முறையே லைனுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். துடைக்காமல் காயவிட்டு மாட்டினேன். சோப்புப் படிந்திருந்தால் கரண்ட் தங்காது. சூப்பர்வைசர் எதிரில் அவள் துப்பட்டாவால் தேய்த்தாள். முள் அசையவில்லை.

அவர் தலையைச் சொறிந்தார். "அப்பவும் தேச்சது அந்தப் பொண்ணுதானே? ரிப்போர்ட்ல யாரு தப்புன்னு எழுதணும்பா."

"தொடைக்காதன்னு அதுக்கு யாரும் சொல்லல சார். ரெண்டு வாட்டி ஓகே போட்டது நானு. என் பேர எழுதிக்கோங்க."

"மெமோ வரும்."

"வரட்டும்."

சனிக்கிழமை அவளை அனுப்பவில்லை. திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. இங்கிலீஷில் இருந்தது. அவள் பி.எஸ்சி. படித்தவள். அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வாசலில் நின்று முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"என் பேரு இதுல எங்கயும் இல்லண்ணே."

"ஆமா" என்றேன். பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.