ஏழரை மணிச் சத்தம்

தொலைக்காட்சியில் வேலை பார்க்கிறவர் என்று யாராவது சொன்னால் திஹோமிருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தொலைக்காட்சியில இல்ல, தொலைக்காட்சி வேன்ல" என்று திருத்துவார். மொராவா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் இந்த வித்தியாசத்தைக் கேட்க ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. வேனின் இரண்டு பக்கமும் அரசுத் தொலைக்காட்சியின் சின்னம் ஆள் உயரத்துக்கு இருந்தது. ராத்திரியில் அதன் மேல் யாராவது துப்பிவிட்டுப் போயிருப்பார்கள். காலையில் வாளியும் துணியுமாகப் போய் அதைத் துடைப்பதில்தான் அவருடைய நாள் ஆரம்பிக்கும்.

மனுஷன் ஆசைப்பட்டுப் போன வேலை இல்லை அது. இளவயதில் டயர் ஆலையின் லாரி ஓட்டினார். போர், பொருளாதாரத் தடை என்று நாடே படுத்தபோது ஆலையும் படுத்தது. கொஞ்ச நாள் ரொட்டிக்கடை வண்டி. அதற்கும் டீசல் கிடைக்காமல் போனபோது, மனைவி ராதோய்காவுக்கு இருதயத்தில் கோளாறு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மாத்திரை கள்ளச்சந்தையில்தான் கிடைத்தது. அந்த நேரத்தில் தொலைக்காட்சியின் ஊர்க் கிளையில் டிரைவர் வேண்டுமென்றார்கள். போய்ச் சேர்ந்துவிட்டார். வேறென்ன செய்வது, சொல்லுங்கள்?

பொய் பேசாத மனுஷன் என்று அவருக்குப் பெயர். குடியிருப்பில் யாருக்காவது பழைய கார் வாங்க வேண்டுமென்றால் திஹோமிரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு "வேண்டாம்" என்றால் வேண்டாம். விற்கிறவன் என்ன சத்தியம் செய்தாலும் எடுபடாது. அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான்.

அந்த வருஷம் நவம்பரில் நகராட்சித் தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி தோற்றது. பிறகு ஓட்டை மறுபடி எண்ணி, ஜெயித்துவிட்டதாக அறிவித்துக்கொண்டது. ஊர் கொதித்துப்போனது. தினமும் சாயங்காலம் சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஏழரை மணிச் செய்தியிலோ, "ஒரு சில வழிப்போக்கர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தனர்" என்று இரண்டே வரி. கூடவே காலியான சதுக்கத்தின் படம். புறாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் படம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தது என்பது திஹோமிருக்குத் தெரியும். வேனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதே அவர்தான். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாத்திரைக்கு எங்கே போவது?

மறுநாளிலிருந்து ஊரில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். "என்ன வழிப்போக்கரே, சௌக்கியமா?" "ஏதோ இருக்கேன் வழிப்போக்கரே, வீட்டுல சின்ன வழிப்போக்கர்லாம் நல்லா இருக்காங்களா?" கசாப்புக் கடையில் கூட இதே பேச்சு.

அப்புறம் சத்தம் தொடங்கியது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. ஏழரை மணிச் செய்தியின் இசை வந்ததும் எல்லா ஜன்னலும் திறந்துகொள்ளும். பால்கனிக்குப் பால்கனி ஆட்கள் வந்து நின்று, கையில் கிடைத்த சட்டி, பானை, மூடி எல்லாவற்றையும் போட்டுத் தட்டுவார்கள். அந்தப் பொய் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். செய்தி முடிகிற வரைக்கும் ஓயாது. நான்கு பக்கமும் கட்டடமும் நடுவில் முற்றமுமாக இருந்த அந்தக் குடியிருப்பில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி இடி மாதிரி இறங்கும். திஹோமிரின் ஜன்னலைப் பார்த்துத்தான் எல்லாரும் தட்டினார்கள். வேறு யாரைப் பார்த்துத் தட்ட முடியும்? கண்ணில் படுகிற தொலைக்காட்சி அவர் ஒருவர்தானே.

ராதோய்காவுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. படுக்கையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"இது கீழ்வீட்டு புடிமிர். முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுற அண்டாவையே கொண்டுவந்துட்டான், கேளேன்."

"கேக்குது, கேக்குது. செத்தவனுக்கும் கேக்கும்."

"இது எதிர்வீட்டு டாக்டரம்மா. பாரு, என்ன நாசூக்கா தட்டுறாங்க. ஊசி போடுற மாதிரி." சிரித்துவிட்டு மூச்சு வாங்குவாள். "எழுந்து நிக்க முடிஞ்சா நானும் தட்டுவேன் திஹோ. உன் காதுகிட்ட வந்து தட்டுவேன்."

"தட்டு, தட்டு. எனக்கென்ன, நான் வெறும் டிரைவர்."

"அதைத்தான்யா நீயும் சொல்லிட்டே இருக்க."

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், பனி இறுகிக் கிடந்த ஒரு சாயங்காலம், செய்தி தொடங்கிச் சத்தமும் தொடங்கிய சற்று நேரத்தில் ராதோய்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்தது. திஹோமிர் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார், மறுபடியும் அதேதான். எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் டாக்டர் விதோசாவா. ஆஸ்பத்திரியில் இருதய வார்டே அவர் பொறுப்பு. ராதோய்காவை விட்டு நகர மனமில்லாமல் திஹோமிர் பால்கனிக்கு ஓடினார். டாக்டர் எதிரே பால்கனியில்தான் நின்றிருந்தார். கையில் பால் காய்ச்சும் பாத்திரம், கரண்டி.

"டாக்டரம்மா! வாங்க! ராதோய்கா!" தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு கையையும் வீசினார். தன் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அந்த மனுஷன் இத்தனை நாளும் ஒரு தடவைகூட பால்கனிக்கு வந்ததில்லை. இன்று வந்து நின்று வாய் கோணக் கத்துகிறார், முஷ்டியை ஆட்டுகிறார். முற்றம் என்ன நினைக்கும்? ரோஷம் வந்துவிட்டது, நம்மைத் திட்டுகிறான் என்றுதான் நினைத்தது. ஒரே ஆரவாரம். புடிமிர் அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "கத்து, கத்து! இன்னும் சத்தமா கத்து!" என்றான். டாக்டரும் அவரை நேராகப் பார்த்தபடி வேகத்தைக் கூட்டினார். கடவுளே, அவர் கூட.

திஹோமிர் படியிறங்கி முற்றத்துப் பனியில் வழுக்கி விழுந்து எழுந்து எதிர்க் கட்டடத்தில் ஏறினார். அழைப்பு மணியை அழுத்தினார். பால்கனியில் நிற்கிறவருக்கு மணி எங்கே கேட்கும்? கதவை உதைத்தார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, ஓடிப்போய் டாக்டரைத் தொட்டுத் திருப்பினாள்.

இருவரும் வந்து சேர்ந்தபோது ராதோய்கா போய்விட்டிருந்தாள். விதோசாவா நாடி பார்த்தார், நெஞ்சை அழுத்தினார், திரும்பத் திரும்ப அழுத்தினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையோடு வந்துவிட்ட கரண்டி பக்கத்தில் கிடந்தது. வெளியே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று திஹோமிர் கேட்டார்.

"தெரியலை. சத்தியமா தெரியலை திஹோமிர். ரொம்பப் பழுதான இருதயம்."

டாக்டருக்கே தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்பை, ராதோய்காவின் படத்தோடு, கட்டட வாசலிலும் விளக்குக் கம்பங்களிலும் ஒட்டினார்கள். ஒட்டியவன் புடிமிர். அதற்கு அடுத்த நாள் அடக்கம். முற்றம் மொத்தமும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. தொலைக்காட்சியிலிருந்தும் ஒரு மலர்வளையம் வந்தது. கொண்டுவந்தவள் கிளையின் செய்தி ஆசிரியை மிலேவா. திஹோமிரைத் தனியாக வாசல் பக்கம் அழைத்துப் போய்த் தோளில் கை வைத்தாள்.

"எப்படி ஆச்சு திஹோமிர்?"

சொன்னார். கேட்டது ஒரு பெண், கேட்ட விதமும் பரிவாக இருந்தது. ஏன் சொல்லாமல் இருப்பார்?

"அப்ப நீங்க கூப்பிட்டது டாக்டருக்குக் கேக்கலை?"

"கேக்கலை."

"அந்தச் சத்தத்துனாலதான் கேக்கலை, இல்லையா?"

"ஆமா. ஆனா அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு எப்படித் தெரியும்? ராதோய்காவுக்கே அந்தச் சத்தம் பிடிக்கும்."

மிலேவா தலையை ஆட்டினாள். அந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டுவிட்டு வேனில் ஏறினாள். வேனை அன்று வேறு யாரோ ஒருவன் ஓட்டினான்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் வழக்கமான துக்கச் சாப்பாடு, பீன்ஸ் குழம்பும் சர்க்கரை சேர்த்து வேகவைத்த கோதுமையும். பிளம் சாராயத்தை ஆளுக்கொரு மிடறு, ஆத்மாவுக்காகத் தரையில் ஒரு சொட்டு விட்டுக் குடித்தார்கள். புடிமிர் திஹோமிரைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நீ எங்களைத் திட்டுறேன்னு நெனச்சுட்டோம்டா. பாவி நான், அண்டாவைத் தூக்கி உனக்கே காட்டினேனே!"

"விடு புடிமிர். அந்த அண்டாவை அவ தினமும் கேப்பா. உன் பேரைச் சொல்லிச் சிரிப்பா."

அதைக் கேட்டு டாக்டர் விதோசாவா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். போகும்போது வாசலில் நின்று, "நாளைக்கு வர்றேன். தனியா உக்காந்திருக்காதீங்க" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் மனிதர்கள் வந்து போயிருந்தார்கள். மனைவியைப் புதைத்த நாளில் நிம்மதி என்று சொல்லக்கூடாது. ஆனால் அதைப் போல ஏதோ ஒன்று அவருக்கு இருந்தது. பொழுது சாய்ந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் விழுந்து தூங்கிப்போனார்.

காலையில் மீதிக் கோதுமையைப் புடிமிருக்குக் கொடுக்கத் தட்டில் எடுத்துக்கொண்டு கீழே போனார். புடிமிர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், துடைப்பத்தைச் சுவரில் எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். படியில் வந்த இரண்டு பெண்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். மளிகைக் கடையில் அவர் நுழைந்ததும் நின்றிருந்தவர்கள் வெளியே நழுவினார்கள். கடைக்காரிதான் கடைசியில் வெடித்தாள்.

"இவ்வளவு நல்லவர் மாதிரி இருந்தீங்களே! அந்த டாக்டர் உங்களுக்கு என்ன பாவம் பண்ணாங்க?"

"என்னம்மா சொல்ற நீ?"

"நேத்து செய்தியில சொன்னதைத்தான் சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. வாசலில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பைப் படம் பிடித்து ராதோய்காவின் முகத்தைத் திரை முழுக்கக் காட்டியிருக்கிறார்கள். கலகக்காரர்களின் கூச்சலுக்கு ஒரு நோயாளிப் பெண் பலி. எதிரே நின்றுகொண்டே உதவ மறுத்த டாக்டர், பெயரோடு. "அவர்கள் போட்ட சத்தம்தான் என் மனைவியைக் கொன்றது" என்று கணவர், எங்கள் ஊழியர், கண்ணீருடன் கூறினார். அவ்வளவும் வாசித்தாயிற்று. காலையில் ஆஸ்பத்திரி இயக்குநர் விதோசாவாவை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்துவிட்டார்.

திஹோமிர் நேராகத் தொலைக்காட்சி அலுவலகத்துக்குப் போனார். வேன் சாவியை மிலேவாவின் மேஜையில் வீசினார்.

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

"சத்தத்துனாலதானேன்னு கேட்டேன், ஆமான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்கப்புறம் சொன்னது?"

"நேரம் பத்தலை திஹோமிர். ஒவ்வொரு செய்திக்கும் இவ்வளவுன்னு கணக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் காகிதத்தைப் புரட்டத் தொடங்கினாள். அவளுக்கு வெட்கமில்லை. அவருக்குத்தான் உடம்பு கூசியது.

அங்கிருந்து எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடி. இந்தத் தடவை மணி கேட்டது. கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. விதோசாவா ராத்திரி முழுக்கத் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"டாக்டரம்மா, அது நான் சொன்னதில்லை."

"உங்க பேரைச் சொல்லித்தான் வாசிச்சாங்க."

"பேரைச் சொன்னா ஆச்சா? நான் சொல்லலைங்கிறேன். புடிமிரைக் கேளுங்க, உங்க முன்னாடிதானே அவன்கிட்ட பேசினேன்?"

"எங்க முன்னாடி ஒண்ணு. அவங்ககிட்ட ஒண்ணு. நானே என்னைத் தின்னுட்டு இருந்தேன் திஹோமிர். ஒருவேளை முன்னாடியே போயிருந்தா பிழைச்சிருப்பாங்களோன்னு. நீங்க என்னை மன்னிச்சுட்டீங்கன்னு நம்பித்தான் நேத்து உங்க வீட்டுல சாப்பிட்டேன்."

"அய்யோ, மன்னிக்க என்னம்மா இருக்கு! அவங்க எல்லாமே பொய்தானே சொல்றாங்க? வெளியே பனி பெய்யுதுன்னு அவங்க சொன்னாக்கூட நம்பாதவங்கதானே நீங்க எல்லாரும்? இத்தனை வாரமா அந்தச் செய்தி காதுல விழக்கூடாதுன்னுதானே சட்டியைப் போட்டுத் தட்டுனீங்க? நேத்து மட்டும் எதுக்காகக் கேட்டீங்க?"

விதோசாவா சங்கிலியைக் கழற்றவில்லை.

"நேத்து உங்க வீட்டுல துக்கம்" என்றார். "அதனால யாரும் தட்டலை."