தரங்கம்பாடிக் கற்களில் தாவும் பிளென்னி

ஸ்ரீரங்கத்தில் கடலுக்குக் கிளம்புகிறோம் என்றால் ராமேஸ்வரமா, வேளாங்கண்ணியா என்றுதான் கேட்பார்கள். போன மாசியில் நானும் என் தங்கை ரேவதியும் கிளம்பியது விரல் நீள மீன் ஒன்றைப் பார்க்க. சொன்னால் சிரிப்பார்களே என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ரேவதி திருச்சியில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். பைக் விபத்துக்குப் பிறகு இடது காலில் பிரேஸ், கையில் ஊன்றுகோல். கடலோரப் பாறைகளில் வாழும் பிளென்னி மீனைத்தான் புராஜெக்டுக்கு எடுத்திருந்தாள். "அந்தக் காலோட எப்படிம்மா பாறையில ஏறுவே? தொட்டி மீன் எதையாவது எடுத்துக்கோ" என்றார் அவளுடைய பேராசிரியை. அக்கறையில்தான் சொன்னார். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். சனிக்கிழமை விடியும்போதே பையை மாட்டிக்கொண்டு நின்றாள் ரேவதி. "நீ வரலைன்னாலும் நான் போறேன்க்கா."

திருச்சி ஜங்ஷனிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரம். மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் இவளுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

மதியம் கரையில் இறங்கினால், அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பெரிய கருங்கற்களின் மேல் அலை ஏறி ஏறி விழுந்தது. முதல் கல்லிலேயே ஊன்றுகோல் வழுக்கி ரேவதி முட்டியில் விழுந்தாள். வலை காயவைத்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்து தூக்கிவிட்டார். "தண்ணி ஏறுற நேரங்க. காலைல வாங்க, கல்லெல்லாம் வெளிய தெரியும்."

"போதும்டி, ஊருக்குப் போயிடலாம்" என்றேன். அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "ரூம் பாருக்கா" என்றாள்.

காலையில் கடல் பின்வாங்கியிருந்தது. ரேவதி ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி, ஒவ்வொரு கல்லாக நகர்ந்தாள். பாசி வழுக்கும் இடத்தில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று ஏதோ ஒன்று கல்லிலிருந்து கல்லுக்குத் தாவியது. "பல்லியா?" என்றேன்.

"மீன்க்கா!"

பழுப்பு உடம்பில் கறுப்புப் பட்டைகள், தலையுச்சியில் பிதுங்கிய கண்கள். இதற்குச் செதில் கிடையாதாம், உடம்பெல்லாம் வழவழப்பான சளிதான். தோல் ஈரமாக இருக்கும்வரை தண்ணீருக்கு வெளியேயும் மூச்சு விடும். வாலை வளைத்து உதைத்துத் தாவும். சீப்பு மாதிரிப் பற்களால் பாசியைச் சுரண்டித் தின்னும்.

கொஞ்சம் தள்ளி ஒரு பொந்தில் குட்டித் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ரேவதி மொபைல் வெளிச்சத்தை அடித்தாள். பொந்தின் கூரையில் பொடிப்பொடியாக முட்டைகள் ஒட்டியிருந்தன. "அப்பாக்காரன்க்கா. பொம்பள மீன் முட்டை வச்சுட்டுப் போயிடும். பொரியற வரைக்கும் இவன்தான் காவல்." அலை வந்து பொந்தை மூடும். வடிந்ததும் அதே தலை, அதே இடத்தில்.

தண்ணீர் ஏறத் தொடங்கியது. கூப்பிட்டேன். "இன்னும் ஒரு அலைக்கா." மறுபடியும் கூப்பிட்டேன். அதே பதில். இவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் வந்திருந்தேன். இப்போது அவள் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கரைக்கு வந்ததும் பேராசிரியைக்கு போன் போட்டாள். "மேடம், தலைப்பை மாத்தல. இதுக்கு ஏறவே வேணாம் மேடம், உக்காந்துதான் பாக்கணும்." ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பேராசிரியை, "சரி. தனியா மட்டும் போகாதே" என்றார்.

போகிறவர்கள் தண்ணீர் இறங்கும் நேரத்தை மீனவர்களிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அடி வழுக்காத செருப்பு வேண்டும். பொந்துக்குள் விரலை விடாதீர்கள். மேலே நிழல் விழுந்தாலே மீன் உள்ளே ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு பெண் கல்லில் உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.