ஏழாவதாக ஒரு மோர்க்குழம்பு

என் கணவர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு திருத்தொண்டர். ஞானஸ்நானம் கொடுப்பார், கல்யாணம் நடத்தி வைப்பார், அடக்கம் செய்வார், பிரசங்கமும் வைப்பார். பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. எங்கள் பங்குக் கோயிலில் பெண்டாட்டி பிள்ளையோடு குடும்பம் நடத்திக்கொண்டே இந்தப் பட்டம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அதனால் இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரி மீன் கடையில் என் தலை தெரிந்தாலே கேலி ஆரம்பமாகிவிடும்.

"அச்சனுக்கு எந்த மீனு வேணும்னு சேச்சிகிட்ட கேட்டுக்கோ" என்பாள் மீன்காரி பக்கத்துக் கடைக்காரியிடம். பாதிரியாரை இங்கே அச்சன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அச்சன் இல்லை, முக்கால் அச்சன். நீ மத்தியை நல்லதாப் பார்த்துப் போடு" என்பேன். வெட்கப்படுவதற்கு எனக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பட்டமே என் கையெழுத்தில் வந்ததுதான்.

சும்மா சொல்லவில்லை. கல்யாணமான ஒருவர் திருத்தொண்டர் ஆக வேண்டுமானால், முழுச் சம்மதம் என்று மனைவி தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு நியமமும் உண்டு. பட்டம் வாங்கிய பிறகு மனைவி இறந்துபோனால் அவர் மறுமணம் செய்துகொள்ள முடியாது. எங்கள் பங்கு அச்சன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டே இந்த இரண்டாவது விஷயத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னார். அதே வாரத்தில்தான் எர்ணாகுளத்து டாக்டர் என் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று சொன்னார். அது ஆறு வருடத்துக்கு முன்பு. எங்கள் மகளுக்கு அப்போது பத்து வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து படகில் திரும்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார். "பட்டம் வேண்டாம்னு நான் எழுதிக் குடுத்துடறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், நான் போன பொறவு இன்னொருத்தியைக் கொண்டு வரணுமோ?"

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் அல்ல. அவர் காது சிவந்துவிட்டது. "நீ இப்படி இருக்கும்போது எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார்.

நான்கு வருடமாக வேலை முடிந்து வந்து உட்கார்ந்து படித்தவர். இதை அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். என் நோயைக் காரணம் காட்டி அது நின்றுபோவதில் எனக்குச் சம்மதமில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு நான் செத்துப்போவதிலும் சம்மதமில்லை. அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்து கரியான மோட்டாரைக் கொடுத்தாலும் ஓட வைத்துவிடுவார். வீட்டில் காஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. முதலில் அவர் அம்மா போட்டாள், பிறகு நான் போட்டேன், அவர் சாப்பிட்டார். நான் இல்லாவிட்டால் அப்பாவும் மகளும் ஹோட்டல் பொட்டலத்தை நம்பித்தான் இருக்க வேண்டும்.

அன்று படகு கரை சேருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். "ஏழு வகை சமைக்கப் படிச்சுக்கணும். அது கழிஞ்சாத்தான் கையெழுத்து."

சோறு, கஞ்சியும் பயறும், சாம்பார், குடம்புளி போட்ட மீன்கறி, கப்பைக்கிழங்கு, முட்டைக் குழம்பு, மோர்க்குழம்பு. ஏழு என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். பங்கு அச்சன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆதித் திருச்சபையில் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த தொண்டர்களும் ஏழு பேர்தான், அதுவும் விதவைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கத்தான் என்றார். அதற்குப் பிறகு என்னைக் கேட்கவே வேண்டாம். எனக்கே ஆயர் பட்டம் கிடைத்ததுபோல நடந்துகொண்டேன்.

உள்ளுக்குள் பயம்தான். அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தால் அது கொஞ்சம் அடங்கியிருந்தது.

நான் வேலை பார்ப்பது பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கில், தரம் பிரிக்கும் இடத்தில். வாசனையிலேயே நல்லது கெட்டது சொல்லிவிடுவேன். அவர் வைத்ததையும் அப்படித்தான் பிரித்தேன். முதல் சோறு களி. முதல் மீன்கறியில் மீனைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் மனிதர் விடவில்லை. கடையில் காயிலின் சுற்றுகளை எழுதி வைக்கிற நோட்டிலேயே உப்பு எத்தனை கரண்டி, தண்ணீர் எத்தனை தம்ளர் என்று எழுதிக்கொண்டார். கீமோ ஆரம்பித்து என் நாக்கில் ருசியும் மூக்கில் வாசனையும் அடியோடு போன பிறகு, மகள்தான் ருசி பார்த்து மார்க் போட்டாள். மீன்கறிக்குப் பத்துக்கு ஒன்பது. என்னுடையதற்கே அவள் எட்டுக்கு மேல் போட்டதில்லை.

ஆறு தேறிவிட்டது. ஏழாவது மட்டும் வரவே இல்லை.

மோர்க்குழம்பில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. அடுப்பைக் குறைத்து, மோரை ஊற்றி, கை ஓயாமல் கிண்டி, கொதி வருவதற்கு முன் இறக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் ஒவ்வொரு தடவையும் கொதிக்க விட்டுவிடுவார். தண்ணீர் தனியாக, தயிர் தனியாகத் திரிந்து நிற்கும். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு, "பின்னயும் திரிஞ்சுபோச்சு" என்பார்.

"ஆயிரம் சுத்து கம்பியை எண்ணிச் சுத்துற ஆளுக்கு நாலு நிமிஷம் மோரைக் கிண்டத் தெரியலையா?" என்று கத்துவேன். கத்தத் தெம்பு இல்லாத நாளிலும் கத்துவேன்.

கடிதம் கொடுக்க வேண்டிய கடைசி வாரம் வந்தது. அவர் கேட்கவே இல்லை. "ஏழாவது இன்னும் படியலையே. இந்தத் தடவை போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார். வலது கை வீங்கிப் பேனா பிடிக்கக் கஷ்டமாக இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, தலையணைமேல் தாளை வைத்துத் தமிழிலேயே எழுதினேன். முழுச் சம்மதம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, "ஆறு போதும், கொண்டு போங்க" என்று நீட்டினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைத்தேன்.

பட்ட நாளன்று மொட்டைத் தலையில் பட்டுச்சால்வையைச் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பிறகு முடி முளைத்தது, நாக்கும் திரும்பி வந்தது. கிடங்குக்கும் திரும்பிப் போனேன். இப்போது வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போனால் போதும். வீட்டில் அவர் வைக்கும் மோர்க்குழம்பு மட்டும் இன்றுவரை திரிந்தபடிதான்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்களுக்காக, பட்டம் வாங்கிய வருடத்திலிருந்தே அவர் ஞாயிறு மதியம் கோயில் மண்டபத்தில் தமிழில் ஜெபம் நடத்துகிறார். முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஞாயிறு மதியம் என் தூக்கத்துக்கு உரியது, அதை ஆயரே வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன மாதம் அவர் கைப்பேசியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். ஆலுவாவில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு தொழிலாளியின் அண்ணன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பின்வாசல் வழியாக நுழைந்தபோது அடுப்படியில் அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். எதிரில் ஒரு பெரிய அண்டா. அடுப்பைக் குறைத்தார். மோரை நூலாக ஊற்றினார். கை ஓயாமல் கிண்டினார். ஓரத்தில் நுரை கட்டியதும், கொதி வருவதற்கு முன், சட்டென்று அடுப்பை அணைத்தார். எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக, வழுவழுவென்று, ஒரு பொட்டுத் திரியாமல் இருந்தது.

இலை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "இன்னைக்கு நல்லா வந்திருக்கே" என்றேன்.

"ஐயா வச்சா என்னைக்கும் இப்படித்தான்க்கா. முதல் வருஷத்துல இருந்து பாக்கேன், ஒரு நாளு திரிஞ்சதில்ல" என்றாள் அவள்.

கைப்பேசியை அவளிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பஜார் முனை வரைக்கும் நடந்தேன். ஒரு கிடங்குப் படியில் உட்கார்ந்து அழுதேன். இவருக்கு அன்றைக்கே வந்திருக்கிறது. ஏழும் முடிந்துவிட்டால் நான் நிம்மதியாகப் போய்விடுவேன் என்று பயந்து, வேண்டுமென்றே கொதிக்க விட்டிருக்கிறார். நான்கு வருடம் படித்த படிப்பு, கிடைக்க வேண்டிய பட்டம், எல்லாம் அந்தச் சட்டியோடு போனால் போகட்டும் என்று நின்றிருக்கிறார்.

அன்று மாலை அவர் வந்தபோது வழக்கம்போலச் சாயா போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வீட்டில் மோர்க்குழம்பு வைத்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொதிக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. குனிந்த தலை நிமிராமல் இருந்தேன்.

சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தண்ணீர் தனியாக, தயிர் தனியாக. "பின்னயும் திரிஞ்சுபோச்சு" என்றார், அதே முகம்.

சோற்றில் நிறைய ஊற்றிப் பிசைந்தேன்.

"இன்னும் படியலையே உங்களுக்கு. உங்களை விட்டுட்டு நான் எங்க போறது?"

"அதான்" என்றார். எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார்.