நம்பர் வாசிக்க ஒரு ஆள்

திரையில் தெரியும் டிஸ்க் நம்பரை, கல்லூரியின் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் பொன்னழகு ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்து போனில் பதிவு செய்வார். பிறகு எழுந்து, சர்வர் ரேக்குக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, தன் குரலையே போட்டுக் கேட்பார். குரல் சொல்லச் சொல்ல டிஸ்க்கில் ஒட்டிய சீட்டின் மேல் விரல் நகரும். "சரி... சரி... ம், மேல சொல்லு" என்று தனக்கே பதிலும் சொல்லிக்கொள்வார். பார்க்கிறவனுக்கு முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அது போய்விடும்.

ஒரு டிஸ்க்கை அழிக்கும் முன் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அது அவருடைய சட்டம். முன்பு வாசித்துக்கொண்டிருந்த பாண்டியராஜன் மூன்று வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் போய்விட்டான். அந்த இடத்துக்குக் கல்லூரி ஆள் போடவில்லை. சட்டத்தை விட்டுக்கொடுக்க மனசில்லாத மனுஷர், தானே இரண்டு ஆளாகிவிட்டார்.

காரைக்குடிக்கு வெளியே, வெயில் மண்டையைப் பிளக்கும் பொட்டலில் இருக்கிறது அந்தத் தனியார் கல்லூரி. உள்ளே ஏசி அறையில் இவர் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருப்பார். வயசு நாற்பத்தெட்டு. கல்யாணம் கூடிக் கூடி வந்து தட்டிப்போனது. கேட்டால், "இந்தப் பொட்டிகளோடயே பழகிட்டேன், விடுங்க" என்பார்.

இந்த மாதம் அவர் தலையில் விழுந்த வேலை, ஐந்து லினக்ஸ் சர்வர்களை இணைத்து ஒரே பெரிய சேமிப்பிடமாக்குவது. ஒவ்வொரு சர்வருக்கும் ஊர்ப்பெயர் வைத்திருக்கிறார். எந்த ஃபைலின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் சர்வர், சிவகங்கை. "கலெக்டர் ஆபீசு அங்குட்டுத்தானே இருக்கு?" என்பார். துண்டுகளைச் சுமக்கிறவை தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், புதுவயல். ஃபைலை எதற்கய்யா துண்டு போடுகிறீர்கள் என்று முதல்வர் கேட்டபோது, "ஒரு லோடு நெல்லை ஒரே மில்லுல இறக்குனா நாள் பூரா அரைக்கணும் சார். நாலு மில்லுக்குப் பிரிச்சு விட்டா மத்தியானத்துக்குள்ள அரிசி" என்றார். முதல்வர் உடனே கையெழுத்துப் போட்டார்.

லினக்ஸின் உள்மையமான கெர்னல் மாறினால் இந்த ஏற்பாடு படுத்துவிடும். அதனால், 'கெர்னலை யாரும் அப்டேட் செய்ய வேண்டாம்' என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார். அந்தக் கதவைத் திறக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

போன செவ்வாய்க்கிழமை புதுவயல் சர்வரில் வேலை. அதில் ஒரு பழைய டிஸ்க்கும் ஒரு புது டிஸ்க்கும் இருந்தன. பழையதில் சிவப்புச் சீட்டு. ஆய்வு மாணவி சித்ரா பேட்டரி பற்றிச் செய்த நாலு வருஷக் கணக்குகள் அதில்தான், வேறு பிரதி கிடையாது. புதியதில் வெள்ளைச் சீட்டு; அதைத்தான் அழித்துத் தயார் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, எல்லாம் அணைந்து மறுபடி எழுந்தன. அப்படி எழும்போது லினக்ஸ் சில சமயம் டிஸ்க்குகளின் வரிசையை மாற்றிவிடும். பொன்னழகுக்கு இது தெரியாததா! ஆனாலும் மத்தியானச் சாப்பாடு இறங்காத கிறக்கத்தில், காலையில் குறித்த வரிசைப்படியே டிஸ்க்கை அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டார். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி. சரி, சட்டம் சட்டம்தான் என்று, கட்டளையில் இருந்த டிஸ்க்கின் நம்பரைத் திரையில் வரவழைத்து வாசித்துப் பதிந்துகொண்டு ரேக்குக்குப் பின்னால் போனார்.

நாலாவது எழுத்தே வெள்ளைச் சீட்டோடு ஒட்டவில்லை. விரலைச் சிவப்புச் சீட்டுக்கு மாற்றினார். கடைசி எழுத்து வரைக்கும் பொருந்தியது.

"ஆத்தாடி!" தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. பாண்டியராஜனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, மீட்டிங்ல இருக்கேன். எதும் அவசரமா?"

"இல்லப்பா. சும்மாதான்."

ஒரு பெண்ணின் நாலு வருஷம் பிழைத்த சேதியைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. இத்தனை வருஷம் பழகிப்போன தனிமை அன்றைக்குத்தான் அவருக்குப் பயமாக இருந்தது. அடித்த கட்டளையை அழித்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

பக்கத்து ஆய்வுக்கூடத்தில் சித்ரா, ஐந்து மணி தேவகோட்டை பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, இப்புடி வேர்த்திருக்கீக? ஏசி ஓடலயா?"

"ஓடுது. ஒரு நம்பர் வாசிக்கணும்த்தா. ரெண்டு நிமிசம் வாரியா?"

"இதுக்கு என்னண்ணே, கூப்பிட்டா வரமாட்டேனா?"

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. சரியான டிஸ்க்கைத் திரையில் காட்டி அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ரேக்குக்குப் பின்னால் போனார். அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வெள்ளைச் சீட்டில் விரல் நகர்ந்தது. ஓர் எழுத்தும் தப்பவில்லை.

"சரியா இருக்காண்ணே?" என்று முன்பக்கத்திலிருந்து கேட்டாள்.

பொன்னழகு சீட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ வாசி ஆத்தா" என்றார்.