பத்து மூடைக்குள் அணி கட்டிய கலந்தர் காக்கா

பெரியோர்களே, தாய்மார்களே, கல்முனையிலிருந்து கோமாரி வரை கடற்காற்றைச் சுவாசிக்கும் சகல ஜீவராசிகளே! உங்களில் ஒருவரும் நம்பப்போகாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று முதலிலேயே உறுதியளிக்கிறேன். யாராவது நம்பிவிட்டால் அது என் திறமைக்கு நேர்ந்த இழுக்கு.

போன செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் பழைய ஹொக்கிக் கழகத்தின் ஆயுட்காலச் செயலாளர் கலந்தர் காக்கா மௌத்தாகிவிட்டார். அந்த நேரம் நான் சலூன் கதிரையில் பாதி முகம் மழித்த நிலையில் இருந்தேன். மறுபாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். ஜனாஸாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் என் அரைத்தாடியைப் பார்த்து, இது ஏதோ புதிய துக்க முறையாக்கும் என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். காக்கா பார்த்திருந்தால் கபனோடு எழுந்திருந்து சிரித்திருப்பார்.

ஊருக்கே காக்காவாக, அதாவது அண்ணனாக, இருந்த அவரை அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கழகத்துக்கு அவர் மூளை, நான் தொண்டை. வீரர்களைத் தேடிப் பிடிப்பது அவர். அவர்களின் பெயர்களை மைதானத்தில் மைக் பிடித்து முழங்குவது நான். என் முழக்கத்தில் நிந்தவூரில் தென்னங்குரும்பை உதிர்ந்ததாகச் சரித்திரம் உண்டு.

சுனாமியாகக் கடல் வந்து போனதற்கு அடுத்த வருடம் லீக்கை மறுபடி தொடங்கினார்கள். வசதியான கழகங்கள் வெளியூர் வீரர்களை விலைக்கு வாங்கிக் கோப்பையைத் தூக்குவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். எந்தக் கழகமும் தன் வீரர்களுக்கெல்லாம் சேர்த்து, பருவம் முழுவதற்கும், பத்து மூடை நெல்லுக்கு மேல் கொடுக்கக் கூடாது. சும்மா ஆடுகிறான் என்று கள்ளக்கணக்குக் காட்டாமலிருக்க, ஒவ்வொரு வீரனுக்கும் அரை மூடையாவது கொடுத்தாக வேண்டும். பதினொரு பேரைப் பதிவு செய்யாத கழகம் லீக்கிலிருந்து நீக்கப்படும். எங்கள் ஆட்கள் நான்கு பேரைக் கடல் எடுத்திருந்தது. மிஞ்சியவர்களில் இரண்டு பேர் கடற்கரை மைதானத்துக்கு வரவே மறுத்தார்கள். கழகத்தின் பெயர் அழிந்துவிடும் போலிருந்தது.

காக்கா அணி கட்டப் புறப்பட்டார். நிந்தவூரில் ஒரு முன்கள வீரன் இருந்தான். அவன் அடித்தால் பந்து அக்கரைப்பற்றுச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் உச்சியில்தான் விழும். அவன் நான்கு மூடை கேட்டான்.

"தம்பி, நாலையும் உனக்குத் தந்தா மத்த ஆக்கள் உன்ட நிழலையா தின்னுற?" என்றார் காக்கா.

"அது உங்கட பாடு காக்கா. என்ட காலுக்கு வெல இரிக்கி."

"ரெண்டு மூடை. அதோட நல்ல இடத்தில ஒரு பொண்ணும் பாத்துத் தாறன். கலியாணம் பேசுற சம்பளத்தில சேராது."

அவன் ஒத்துக்கொண்டான். காரைதீவிலிருந்து தவராசா ஒரு மூடைக்குக் கோல் காக்க வந்தான். தவராசா நின்றால் கோலுக்குக் கம்பமே தேவையில்லை, அவ்வளவு அகலம். இப்படி ஒன்றும் அரையுமாகப் பத்துப் பேரைச் சேர்த்தபோது நெல் முழுவதும் தீர்ந்துவிட்டது. பதினோராவது ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசிகூட மிச்சமில்லை.

அப்போதுதான் காக்காவுக்கு ஜௌபரின் நினைவு வந்தது.

ஜௌபர் எங்கள் பழைய ஏழாம் இலக்கம். கடல் வந்து சில நாளில் ஏழாம் இலக்கச் சேட்டு போட்ட ஓர் உடல் கரையொதுங்கியது. முகம் பார்க்கும்படியாக இல்லை. சேட்டைப் பார்த்து, ஜௌபர்தான் என்று முடிவுசெய்து, மைதானத்தை ஒட்டியிருக்கும் மையவாடியில் அடக்கினோம். கால்மாட்டைத் தூக்கியவர் காக்கா. தலைமாட்டில் ஜௌபரின் பெயர் எழுதிய மீஸான் பலகையை நட்டதும் அவர்தான்.

சில வாரம் கழித்து ஜௌபர் பஸ்ஸிலிருந்து இறங்கினான். அம்பாறைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பேச்சு மறந்து கிடந்தவனாம். வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டபோது, அவன் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "புருசன் மௌத்தாகி நான் இத்தாவில இரிக்கன், ஆம்புளையள் வரப்படாது" என்றிருக்கிறாள்.

"நான்தான் புள்ள. அந்த இத்தாவே எனக்காகத்தான்" என்றானாம் இவன்.

ஆனால் அரசாங்கப் பதிவில் அவன் மௌத்து. அதை மாற்ற அலைந்துகொண்டிருந்தவனிடம்தான் காக்கா போனார்.

"ஜௌபர், ஒரு சீசனுக்கு மட்டும் மௌத்தாவே இரு."

"என்ன காக்கா விசர்க் கத கதைக்கிறீங்க? நிவாரணக் கூப்பனும் இல்ல, வீடும் இல்ல. உசிரோட இரிக்கிற எனக்கு உசிரில்ல எண்டு எழுதி வெச்சிரிக்கானுகள்."

"சீசன் முடிய நானே கூட்டிப் போய் உன்ன உசிராக்கித் தாறன். கழகம் அழிஞ்சா பொறகு ஆரு உனக்கு?"

லீக் கூட்டத்தில் நடந்த விவாதம் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

"மௌத்தான ஆளுக்கு எந்தச் சட்டத்தில சம்பளம் போடுவீங்க?" என்று கேட்டார் காக்கா.

"மௌத்தான ஆள் எப்பிடிக் காக்கா வெளையாடுற?" என்றார் தலைவர்.

"அது அவர்ட பிரச்சினை. நமக்கு என்னத்துக்கு?"

சபை சிரித்தது. சட்டத்தில் ஓட்டை இருந்தது. ஏழாம் இலக்கம், ஜௌபர், சம்பளம் இல்லை என்று பதிவானது.

முதல் ஆட்டத்தின் இடைநடுவில் நடுவர் விசில் ஊதி நிறுத்தினார். எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர் ஓடுவதாகச் சொன்னார். வரிசையாக நிற்கவைத்து எண்ணினால் பதினொன்று. ஓடவிட்டால் பன்னிரண்டு. "ரெண்டு ஏழு ஓடுது" என்று சொல்லித் தண்ணீர் கேட்டுக் குடித்தார். இடதுபுறம் ஆளே இல்லாத இடத்துக்குப் போன பந்து யாரோ திருப்பி அடித்ததுபோல வளைந்து திரும்பியது. மையவாடிச் சுவருக்கு மேலால் போன பந்தை எடுக்க யாரும் போகவில்லை. அதுவாகவே வந்து கோட்டில் நின்றது. நாங்கள் வென்றுகொண்டே போனோம். கூட்டம் மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது.

அரையிறுதி முடிந்ததும் ஜௌபர் வந்து காக்காவின் பக்கத்தில் மணலில் குந்தினான். அவன் முகத்தில் வெற்றி இல்லை.

"காக்கா, ஒருத்தன் எனக்குப் பக்கத்தில மூச்சு வாங்கி வாங்கி ஓடுறான். திரும்பினா இல்ல. நான் நிண்டா அவனும் நிக்கிறான்."

"பயத்தில உன்ட மூச்சே உனக்குக் கேக்குது."

"என்ட மூச்சு எனக்குத் தெரியாதா? அது ஒரு சின்னப் பொடியன்ட மூச்சு. அவன்ட எடத்தில நான் இரிக்கன் காக்கா, இல்லாட்டி என்ட எடத்தில அவன் கெடக்கான்."

காக்கா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். அந்த உடலை அடக்கிய அன்று, கால்மாட்டைத் தூக்கியபோது, கணுக்காலில் கோயிலில் மந்திரித்துக் கட்டுகிற கறுப்பு நூல் ஒன்று இருந்ததாம். ஜௌபர் ஏன் நூல் கட்டினான் என்று ஒரு கணம் யோசித்தாராம். அடக்குவதற்கு அத்தனை மையத்துகள் வரிசையில் கிடந்தபோது அந்த யோசனையை முடிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

"இவன் மௌத்து எண்டு நாம சொல்லிட்டிரிக்கிற வரைக்கும், அந்தப் புள்ளைய ஆரும் தேடி வரமாட்டாங்க. வந்தாலும் அந்தக் குழி ஜௌபர்ட குழிதானே" என்றார்.

இறுதியாட்டம் தொடங்குமுன் அவர் நேராக லீக் மேசைக்குப் போனார். ஜௌபர் உயிரோடு இருக்கிறான், அவனுக்கும் ஒரு மூடை கொடுத்தாயிற்று, எங்கள் கணக்கு பதினொரு மூடை என்று சொன்னார். அந்த மூடை அவருடைய சொந்த வயலில் விளைந்தது. அந்த இடத்திலேயே எங்களை நீக்கினார்கள். கோப்பை அக்கரைப்பற்றுக்குப் போனது. எங்கள் ஆட்கள் அவரை ஏசிய ஏச்சை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும். கழகமும் அத்தோடு சரி. மறுநாளே ஜௌபரை அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் கூட்டிப் போய் அவனை உயிராக்கினார். மீஸான் பலகையில் இருந்த பெயரைச் சீவி எடுத்துவிட்டு, வெறும் பலகையை அதே இடத்தில் நட்டார். அதற்குப் பிறகு கடற்கரை வீதியில் பஸ் ஏறும் எவரிடமும், காலில் கறுப்பு நூல் கட்டிய பொடியன் ஒருவனைத் தொலைத்த வீடு தெரியுமா என்று கேட்காமல் அவர் விட்டதில்லை.

நாட்டில் சண்டை முடிந்த பிறகுதான், பொடியனைத் தொலைத்தவர்களை ஒருவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, ஓர் அம்மா கோமாரியிலிருந்து வந்தார். மகன் கரைவலை இழுக்கக் கல்முனைப் பக்கம் வந்தவன். திரும்பவில்லை. அவனை இயக்கம் சண்டைக்குப் பிடித்துப் போயிருக்கும், ஏதாவது முகாமில் இருப்பான் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தார். முகாம்களிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அவர் மகன் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கடலை நினைத்தாராம். தோணியில் காயப்போட்டிருந்த எவருடையதோ சேட்டை அவன் எடுத்துப் போட்டிருக்க வேண்டும்.

நூலைப் பற்றிக் காக்கா சொல்லி முடிப்பதற்குள் அம்மா உட்கார்ந்துவிட்டார். "நான் கட்டினது ஐயா" என்றார். பிள்ளையின் பெயர் யோகன். குழியிலிருந்து எடுத்துப் போக வேண்டுமா என்று காக்கா கேட்டார். "நல்லாத்தானே வெச்சிரிக்கிறீங்க, இஞ்சயே கெடக்கட்டும்" என்றார் அம்மா. அவனை ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, குரல் எழும்பவில்லை என்றும் சொன்னார்.

காக்கா என்னைப் பார்த்தார். "மைக்க எடு."

அஸர் தொழுகைக்குப் பிந்திய வெயில், வெறும் மைதானம். பழைய அணியின் பதினொரு பெயரையும் வாசித்தேன். பிறகு யோகன் என்றேன். கடல் அலையைப் பாதியில் நிறுத்திவைத்துக் கேட்டது. காகங்கள் வானத்தில் பறந்த இடத்திலேயே நின்றன. மையவாடிச் சுவர் ஒரு சாண் குனிந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்க தம்பி. அவன் மொதல் தரத்துக்கு வாய் தொறக்கமாட்டான்" என்றார் அம்மா.

இன்னொரு முறை சொன்னேன்.

கலந்தர் காக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்திருப்பது ஒரு பழக்கம். எந்த ஊரில் எந்த அணியின் பெயர்களை வாசித்தாலும், கடைசிப் பெயருக்குப் பிறகு மைக்கை மூடாமல் கொஞ்சம் பொறுப்பேன். மறந்துவிட்டாயா என்று பொடியன்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

மற்றபடி நான் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். கடல் நிற்கவில்லை, சுவர் குனியவில்லை. தவராசாவும் அவ்வளவு அகலமில்லை. நடுவர் எண்ணத் தெரியாதவர். ஆனால் இரண்டாவது முறை கூப்பிட்டபோது, வெறும் மைதானத்தின் இடதுபுறத்திலிருந்து, ஓடி வந்து மூச்சு வாங்குகிற ஒரு பொடியனின் குரலில், "ஓம்" என்று பதில் கேட்டது. அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.